சாவிக்கொத்து பாக்கெட்லயே இருக்கட்டும்

இரண்டாம் வருஷம், இன்டர்னல் டெஸ்ட் வாரம். காலை ஆறரை மணி இருக்கும். ஹாஸ்டல் இரண்டாவது மாடி வாஷ்பேசினில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் ரூம்மேட் திடீரென்று ஒரு சத்தம் போட்டான். அலறல் இல்லை. நெஞ்சில் இருந்த காற்று மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி தரையில் கிடந்தான். உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. அப்புறம் கை, கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

அந்த ஃப்ளோரில் பத்து பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் வருங்கால இன்ஜினியர்கள்தான். ஆனால் எல்லார் வாயிலிருந்தும் வந்தது ஒரே வார்த்தை: "சாவி! சாவி எடுங்கடா!"

ரூம் சாவி, பைக் சாவி, லாக்கர் சாவி என்று ஒரு நிமிஷத்தில் சாவிக்கடை வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. என் பைக் சாவியை அவன் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தது நான்தான். ஒருத்தன் பல்லுக்கு நடுவில் ஸ்பூனைச் செருகப் பார்த்தான். இரண்டு பேர் காலில் உட்கார்ந்துகொண்டார்கள். இன்னொருத்தன் மக்கில் தண்ணீர் பிடித்து முகத்தில் ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. "பாத்தியா, சாவி குடுத்ததும் நின்னுடுச்சு" என்று ஒருத்தன் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அவனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. உதட்டில் வெட்டு. உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. இந்தக் காயங்களில் ஒன்றுகூட வலிப்பால் வந்ததில்லை. எல்லாம் நாங்கள் கொடுத்தது.

இதை எழுதச் சொன்னதே அவன்தான். "என் பேர் மட்டும் போடாத, மத்தது எல்லாம் போடு" என்றான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாவி கணக்கைத் தீர்த்துவிடலாம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஒருத்தர் விழுந்து, நாம் பதறி, கத்தி, சாவி தேடி, கையில் வைப்பதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடிவிடும். நிற்கப்போகிற நேரத்தில் சாவி போய்ச் சேருகிறது, பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. அன்றைக்கு அவன் கையில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்திருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் நின்றிருக்கும். இரும்புக்கும் மூளைக்கும் இங்கே ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று லேப் ரெக்கார்டில் எழுதினால் சார் வட்டம் போட்டு விடுவார். ஹாஸ்டல் வராண்டாவில் மட்டும் நாம் அதை நம்புகிறோம்.

அப்போ என்ன செய்யணும்? மனப்பாடம் பண்ணுகிற அளவுக்குச் சின்ன விஷயம்தான்.

1. மணியைப் பாருங்கள். இதுதான் முதல் வேலை. பதற்றத்தில் அரை நிமிஷம் ஐந்து நிமிஷம் மாதிரி தெரியும்.
2. சுற்றி இருக்கிற நாற்காலி, பக்கெட், கண்ணாடி டம்ளர் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். தலைக்குக் கீழே துண்டோ பையோ, மெத்தென்று எதையாவது வையுங்கள்.
3. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். கழுத்தில் இருக்கிற ஐடி கார்டு டேகை எடுத்துவிடுங்கள். காலர் பட்டனைத் தளர்த்துங்கள்.
4. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஸ்பூனோ விரலோ விட்டால் பல்லோ விரலோ போகும்.
5. இழுப்பு குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும், மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடாது.
6. முழு நினைவு வரும்வரை கூடவே இருங்கள். அதுவரை தண்ணீர், டீ, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். கூட்டத்தைக் கலைத்து விடுங்கள். கண் விழிக்கும்போது இருபது முகம் குனிந்து பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது?

108-ஐ எப்போது கூப்பிடணும்? ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றால். ஒன்று நின்று நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தால். நின்ற பிறகும் மூச்சு சரியாக வரவில்லை என்றால். தண்ணீருக்குள் வந்திருந்தால், தலையில் பலமாக அடிபட்டிருந்தால், விழுந்தவர் கர்ப்பிணியாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தால். அப்புறம், அவருக்கு இதுதான் முதல் தடவை என்றால், அல்லது முதல் தடவையா என்று நமக்குத் தெரியவில்லை என்றால். ஐந்து நிமிஷம் என்பது சும்மா சொல்கிற எண் இல்லை. அதைத் தாண்டிவிட்டால் தானாக நிற்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்தவேண்டிவரும். அதனால்தான் முதல் வேலை கடிகாரம் என்றேன்.

இது வரைக்கும் முதலுதவி. நான் உண்மையில் எழுத வந்தது இதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் சொன்னான். பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு தடவை விழுந்திருக்கிறான். ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா சொன்ன ஒரே விஷயம், "யார்கிட்டயும் சொல்லிடாதடா". அதனால் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். ரூமில் யாராவது இருந்தால் எடுக்க மாட்டான். எங்கள் ரூமில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அந்த வாரத்தில் மூன்று வேளை விட்டுப்போயிருந்தது. போதாததற்கு இரண்டு ராத்திரி சரியான தூக்கம் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவன் அப்பாவோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். நியூராலஜிஸ்ட் அம்மா அவனிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "விழுந்ததை யார் பார்த்தது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அப்புறம் கேள்வி எல்லாம் எனக்குத்தான். எந்தக் கை முதலில் இழுத்தது? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தலை ஒரு பக்கம் திரும்பியதா? எவ்வளவு நேரம்? எனக்குப் பாதி தெரியவில்லை. சாவி தேடிக்கொண்டிருந்தேனே.

கடைசியாக ஒரு கேள்வி: "காலையில எழுந்ததும் கை வெடுக்குனு உதறுமா? கையில இருக்கறது கீழ விழுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் உதறும். முதல் வருஷத்திலிருந்தே உதறும். காலையில் பிரஷ் பறக்கும், டீ டம்ளர் நழுவும், ஷாக் அடித்த மாதிரி தோள் துள்ளும். அதனால் நாங்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் "கரண்டு". ஃப்ளோர் முழுக்க அதுதான் அவன் பெயர். "டேய் கரண்டு, வோல்டேஜ் ஏறிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். அவனும் கூடச் சிரித்திருக்கிறான். அதுவும் வலிப்புதான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் முதல் டாக்டரிடம் விழுந்ததை மட்டும் சொல்லியிருக்கிறான், உதறலைச் சொல்லவே இல்லை.

டாக்டர் விளக்கினார். பதின்ம வயதில் ஆரம்பிக்கிற ஒரு வகை வலிப்பு நோய் இருக்கிறது. தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் இப்படிச் சின்னச் சின்ன உதறல் வரும். தூக்கம் கெட்டாலோ, குடித்தாலோ கூடும். என்றைக்காவது ஒரு நாள் பெரிய வலிப்பாக வந்து விழத்தட்டும். நல்ல விஷயம் என்னவென்றால், சரியான மாத்திரைக்கு இது பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். கெட்ட விஷயம், வேறு வகை வலிப்புக்கு நன்றாக வேலை செய்கிற சில மாத்திரைகள் இதற்கு உதவாது, உதறலைக் கூட்டக்கூடச் செய்யும். அவனுக்கு மாத்திரை மாறியது. இன்றைக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் விழவில்லை.

அவனுடைய நோய்க்கான முக்கியமான தடயம் இரண்டு வருஷமாக எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. நாங்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தோம்.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு இன்டர்மிட்டன்ட் ஃபால்ட். சர்க்யூட்டை டேபிளில் வைத்து டெஸ்ட் பண்ணும்போது சமர்த்தாக வேலை செய்யும், நாம் திரும்பியதும் ட்ரிப் ஆகும். மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் எப்போதும் சின்ன மின் துடிப்புகளால் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஆடிட்டோரியத்தில் ஆளாளுக்குப் பேசினால் அது வெறும் இரைச்சல். எல்லாரும் ஒரே தாளத்தில் கை தட்டினால் கூரையே அதிரும். ஒரு கூட்டம் செல்கள் அப்படிக் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் துடிப்பதுதான் வலிப்பு. அந்தத் துடிப்பைத் தலைக்கு வெளியிலிருந்து அளக்கிறதுதான் இஇஜி. மனிதனின் இஇஜியை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்கிற ஜெர்மன் மருத்துவர், 1924-ல். மைக்ரோவோல்ட் கணக்கில் வருகிற சிக்னல் அது.

ஆனால் வழக்கமான இஇஜி அரை மணி நேரம்கூட ஓடாது. அந்த நேரத்தில் மூளை சும்மா இருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும். நார்மல் இஇஜி என்றால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமே இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால் தழும்பு, கட்டி மாதிரி அமைப்பில் இருக்கிற கோளாறுதான் தெரியும். பல பேருக்கு அதுவும் நார்மலாகத்தான் இருக்கும். அதனால்தான் டாக்டர்கள் இன்றைக்கும் முதலில் கேட்கிற கேள்வி "யார் பார்த்தது?" விழுந்தவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. லாக் ஃபைல் இருப்பது பக்கத்தில் நின்றவரிடம்தான். ஆட்கள் நிறைய இருந்தால், ஒருவர் உதவும்போது இன்னொருவர் போனில் வீடியோ எடுப்பது தப்பே இல்லை. ஆனால் அது டாக்டருக்கு மட்டும். குரூப்பில் போடுகிறவனை நண்பன் என்று சொல்லாதீங்க.

இன்னொன்று. எல்லா வலிப்பும் விழுந்து இழுப்பதில்லை. கிளாஸில் பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி அப்படியே நின்றுபோய், ஒன்றும் நடக்காத மாதிரி தொடர்கிற வகை இருக்கிறது. கூப்பிட்டால் பதில் வராமல், வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, சட்டையைப் பிய்த்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிஷம் வெறித்துப் பார்க்கிற வகை இருக்கிறது. அதற்கு முன்னால் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரியோ, இல்லாத வாசனை வருகிற மாதிரியோ சிலருக்குத் தோன்றும். நாம் இவர்களுக்கு "ட்யூப் லைட்" என்று பேர் வைத்திருப்போம். மறுபக்கம், விழுகிறதெல்லாம் வலிப்பும் இல்லை. வெயிலில் நின்று, பசியில் கண் இருட்டி விழுவது மயக்கம். மயக்கத்திலும் கை கால் இரண்டு வெட்டு வெட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. நாம் பார்த்ததைச் சொல்வது நம் வேலை.

ஒரு தடவை வந்தாலே வலிப்பு நோய் என்று முத்திரை குத்திவிட முடியாது. கடும் காய்ச்சல், சர்க்கரை குறைவது, தலையில் அடி, திடீரென்று குடியை நிறுத்துவது, இவற்றாலும் ஒரு தடவை வரலாம். இப்படி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தாலோ, ஒரே தடவை வந்து மறுபடி வருகிற ஆபத்து அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தாலோதான் அதை நோய் என்கிறார்கள். நம் நாட்டில் ஒரு முக்கியக் காரணம் நாடாப்புழுவின் முட்டை. சரியாகக் கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாக வயிற்றுக்குப் போய், மூளையில் நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். சுத்த சைவமாக இருந்தாலும் வரலாம். அதனால் முதல் தடவை வந்தவர் யாராக இருந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

நியூராலஜிஸ்டிடம் எப்போது போகணும்? முதல் வலிப்புக்குப் பிறகே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி வந்தால் கட்டாயம். எந்த வகை என்று யாரும் சொல்லாமலேயே வருஷக்கணக்கில் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம். மாத்திரையால் தூக்கம், மறதி, எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால், நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் போங்கள். திடீரென்று நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: சில மாத்திரைகள் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். கல்யாணம் நிச்சயமான பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது, இப்போதே கேட்கணும்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் கட்டுப்படவில்லை என்றால், மூன்றாவது, நான்காவது என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காமல் வலிப்புக்கென்றே இருக்கிற மையத்துக்குப் போகணும். நாள்கணக்கில் வீடியோவோடு இஇஜி எடுத்து, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள். சிலருக்கு அந்த இடத்தை அறுவை செய்து எடுத்துவிடலாம். பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-லிருந்து செய்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் செய்கிறார்கள். இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் பத்து, பதினைந்து வருஷம் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து சிகிச்சை கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்றும் அதுவே சொல்கிறது. அப்படியானால் வைட்டமின் டப்பா எதற்கு?

வெட்கம்தான். அந்த வெட்கத்தை அவன் அம்மா கண்டுபிடிக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே, திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவராக வைத்த சொல் இருந்தது. 1999-ல்தான் அதை நீக்கினார்கள். நாம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வரை சட்டமே அப்படிப் பேசியது என்றால், ஊர் பேசாதா? நம்ம காமெடி சீன்களில் வலிப்பு வந்தால் சாவி கொடுப்பது ஒரு ஜோக். "காக்கா வலிப்பு" ஒரு திட்டு. 1992 உலகக் கோப்பையில் பந்தோடு பறந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்ட்டி ரோட்ஸின் போட்டோ எல்லாருக்கும் தெரியும். அவருக்கு வலிப்பு நோய் உண்டு, அதை வெளிப்படையாகப் பேசியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

"அப்படின்னா அவன்தானே முதல்லயே சொல்லியிருக்கணும்?" என்று கேட்கலாம். எங்கள் வார்டனும் அதைத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். சொல்லியிருந்தால் பல் உடைந்திருக்காது. லைசென்ஸ் எடுக்கிற படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று நேராகக் கேட்கிறார்கள், அங்கே உண்மையைத்தான் சொல்லணும், டாக்டர் சரி என்கிற வரை பின் சீட்தான். இதில் சமரசம் இல்லை. ஆனால் ஹாஸ்டல் விஷயத்தில் நான் திருப்பிக் கேட்கிறேன்: யாரிடம் சொல்லியிருப்பான்? "கரண்டு" என்று கூப்பிட்ட எங்களிடமா? சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் தினமும் அவனுக்குக் காட்டிக்கொண்டுதானே இருந்தோம்? முதலில் சொல்லக்கூடிய இடமாக ரூம் இருக்கணும். அப்புறம்தான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற உரிமை நமக்கு வரும்.

அதனால் கல்லூரியிடம் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஒவ்வொரு ஃப்ளோரிலும் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பக்கத்தில், மேலே சொன்ன ஆறு வரியைத் தமிழில் ஒட்டுங்கள். மெஸ் அண்ணன்கள், செக்யூரிட்டி ஐயா, லேப் அசிஸ்டன்ட் எல்லாருக்கும் படிக்கத் தெரிகிற மாதிரி. இரண்டு, முதல் வருஷ ஓரியன்டேஷனில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். வலிப்பு இருக்கிறதா என்று யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவேண்டாம். இருந்தால் ரகசியமாகச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். கீழ்க்கட்டில் வேண்டும், பாத்ரூம் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கவேண்டும் மாதிரி சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் அவர்களுக்குத் தேவைப்படும்.

நம்மிடம் நான் கேட்பது அதைவிடக் குறைவு. டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி அவன் பதினோரு மணிக்குத் தூங்கப் போனால், "என்னடா ஸ்கூல் பையன் மாதிரி" என்று எழுப்பாதீர்கள். பார்ட்டியில் கிளாஸை நீட்டி வற்புறுத்தாதீர்கள். யாருக்காவது விநோதமாக ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால், பேர் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை "இது எப்பலேர்ந்து இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேளுங்கள்.

எங்கள் ரூமில் இப்போது மாத்திரை அட்டை மேஜை மேல், பேனா ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு யாராவது ஒருத்தர் "மாத்திரை போட்டியாடா?" என்று கேட்போம். அவன் கடுப்பாகி, "அம்மா மாதிரி நச்சரிக்காதீங்கடா" என்பான். "கரண்டு" என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.